இருளில் கிடைத்த வண்டு

பூமியில் ஊரும் எவ்வுயிர்க்கும் உணவளிப்பது அல்லாஹ்வின் பொறுப்பே என்பதை ஹூத் ஸூராவின் 6ஆம் வசனத்தில் நாம் ஓதிவருகிறோம். ஆயினும் வெளிச்சமே புகாத ஆழ்குகையில் வண்டு வாழும் என்பதை 1831 வரை ஐரோப்பிய அறிஞர் அறிந்திலர்.

அதை முதலில் கண்டவர் அறிஞரல்லர். இன்றைய ஸ்லோவேனியாவிலுள்ள போஸ்தொய்னா குகையில் விளக்கேற்றும் பணிசெய்த லூக்கா செச் என்பவர். 1818இல் குகையின் உட்பகுதியைக் கண்டறிந்தவரும் அவரே. அவ்வண்டுக்குக் கண்களில்லை, பறக்கச் சிறகில்லை. கழுத்து மெலிந்திருந்தது, பின்னுடல் உருண்டு பளபளத்தது. நீண்ட உணர்கொம்புகளால் தடவித் தடவியே அது வழியறிகிறது. வெளியிலிருந்து குகைக்குள் வந்துசேரும் மட்கிய பொருள்களும் இறந்த உயிர்களின் எச்சங்களுமே அதற்கு இரை. ரிஸ்கு அங்கும் வந்துசேர்கிறது, சுப்ஹானல்லாஹ்!

செச் அதை ஹோஹன்வார்ட் பிரபுவிடம் கொடுத்தார். பிரபுவோ லியூப்லியானா வணிகரும் பூச்சி ஆய்வாளருமான ஃபெர்டினான்ட் ஷ்மிட்டிடம் சேர்ப்பித்தார். 1832இல் ஷ்மிட் அதை விவரித்து எழுதினார். குகை உயிரியல் என்னும் துறையே அதிலிருந்து தொடங்கியதாகக் கூறுவர். வண்டின் அறிவியல் பெயரில் பிரபுவின் பெயர் நிலைபெற்றது. விளக்கேந்திச் சென்று கண்டவரின் பெயர் அதில் இல்லை. இது நமக்கு நீதியாகப் படவில்லை.