பனி சூழ்ந்த ஊர்: நோம் நகரின் 1925 ஆம் ஆண்டுக் குளிர்காலம்

பேரிடர் வந்த நாளில் மக்கள் எவ்வாறு ஒன்றுபட்டனர் என்பதை வரலாறு விரிவாகப் பதிந்து வைக்கும். அந்நாளுக்கு முன்னர் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் பெரும்பாலும் பதிவதில்லை. ஆயின் ஓர் ஊரின் கூட்டுணர்வு இடர் வந்த பின்னர்ப் பிறப்பதன்று. அன்றாட வாழ்வில் பழகிப் பழகி ஊறிய வழக்கமே இடர்க்காலத்தில் ஒற்றுமையாக வெளிப்படுகிறது. இதற்கு அலாஸ்காவின் நோம் என்னும் சிறுநகரம் 1925 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சான்றாக நின்றது.

கடைசிக் கப்பல்

பேரிங் கடலின் கரையில், ஆர்க்டிக் வட்டத்திற்குச் சற்றே தெற்கில் அமைந்தது நோம். 1898 இல் அங்குப் பொன் கிடைத்தது. மறு ஆண்டில் கடற்கரை மணலிலேயே பொன் கலந்திருப்பது தெரியவந்ததும் மக்கள் வந்து குவிந்தனர். 1900 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 12,488. பொன் குறையக் குறைய வந்தவர்கள் கலைந்தனர். 1925 இல் எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 1,400 பேர். அவர்களுள் ஒரு பகுதியினர் அம்மண்ணின் தொல்குடியினரான இனூப்பியாக் மக்கள்.

பனி என்ற ஒரே சொல்லால் புல்நுனித் துளியையும் உறைந்த கடலையும் குறிக்கும் தமிழர்க்கு அவ்வூரின் குளிர்காலத்தைக் கற்பனை செய்வது அரிது. நவம்பரில் கடல் உறைந்துவிடும். கோடை தொடங்கும்வரை கப்பல் வாராது. திசம்பரில் பகற்பொழுது நான்கு மணி நேரமே. சுற்றுப்புறம் மரமற்ற வெற்றுநிலம். ஆறுகள் அடித்துவந்து கரையொதுக்கிய கட்டைகளும் கப்பலில் வந்த நிலக்கரியுமே விறகு. வெளியுலகோடு சாலையோ இருப்புப் பாதையோ இல்லை. கடைசிக் கப்பலில் வாராத பொருள் அடுத்த கோடை வரை வாராது என்பதே அவ்வூரின் பொருளியல்.

சாவடிகளும் நாய்வண்டிகளும்

குளிர்காலத்தில் ஊருக்கிருந்த ஒரே வழி, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகள் செல்லும் தடம். இருப்புப் பாதையை ஒட்டிய நெனானா என்னும் ஊரிலிருந்து நோம் வரை அதன் நீளம் 674 மைல். அஞ்சல் வந்துசேர இருபத்தைந்து நாள் ஆகும். வழிநெடுகச் சாவடிகள் இருந்தன. பயணி எவராயினும் அங்கே அடுப்பனலும் சூடான உணவும் உண்டு. நாய்களுக்கு உலர்மீன் உண்டு. பனிவெளியில் வருபவரை வரவேற்பது விருந்தோம்பல் மட்டுமன்று, உயிர்காப்பும் ஆகும்.

பனிக்கட்டியின் நிறம் கண்டு அதன் உறுதியை அறிதல், விலங்கின் தோலால் உடை தைத்தல், நாய்களைப் பழக்குதல் ஆகிய கலைகள் தொல்குடியினருடையவை; குடியேறியவர் அவற்றைக் கற்றே பிழைத்தனர். 1908 இல் தொடங்கிய 408 மைல் நாய்வண்டிப் பந்தயம் ஊரின் பெருவிழாவாயிற்று. 1915 முதல் 1917 வரை மும்முறை தொடர்ந்து வென்ற லெயோனார்ட் செப்பாலா நார்வேயிலிருந்து குடியேறியவர். பொழுதுபோக்காகத் தோன்றிய அப்பந்தயம் உண்மையில் ஓர் ஆயத்தமே என்பது பின்னரே விளங்கியது.

விலகி நின்ற ஒற்றுமை

1925 சனவரியில் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் பரவத் தொடங்கியது. ஊரின் ஒரே மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச். அவர் கோரியிருந்த புதிய நச்சுமுறி மருந்து கடைசிக் கப்பலில் வந்திருக்கவில்லை, கையிலிருந்ததோ காலாவதியானது. குழந்தைகள் இறக்கத் தொடங்கியதும் நகரமன்றம் கூடித் தனிமைப்படுத்தும் ஆணையைப் பிறப்பித்தது. பள்ளியும் பொதுக்கூடங்களும் மூடப்பட்டன. எமிலி மார்கன் என்னும் செவிலியர் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைக் கவனித்தார்.

அதுவரை கூடியிருந்து குளிரை வென்ற ஊர், கூடாமலிருந்து நோயை எதிர்கொள்ள நேர்ந்தது. நெருங்கி நிற்பதே அன்பு என்று பழகிய மக்கள், விலகி நிற்பதையும் அன்பின் கடமையாக ஏற்றனர். அவ்வச்சத்திற்குக் காரணம் இருந்தது. 1918 இல் வந்த கொள்ளைக் காய்ச்சல் அப்பகுதியின் தொல்குடியினரைச் சூறையாடியிருந்தது. இன்று பிரெவிக் மிஷன் எனப்படும் சிற்றூரில் மட்டும் 80 பேருள் 72 பேர் ஐந்தே நாள்களில் மாண்டனர்.

கைமாறிய சுமை

ஆங்கரேஜ் நகர மருத்துவமனையில் 3,00,000 அலகு மருந்து இருப்பது தெரியவந்தது. விமானத்தில் அனுப்பலாம் என்றார் நோம் நகரத் தலைவர். அக்கால விமானங்களோ திறந்த இருக்கை கொண்டவை. குளிர்காலத்திற்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தவை. எனவே ஆளுநர் ஸ்காட் போன் பழைய அஞ்சல் தடத்தையே நம்பினார். ஏறத்தாழ இருபது இராத்தல் எடையுள்ள மருந்துப் பொதி இரயிலில் நெனானா வந்தடைந்து, சனவரி 27 இரவு முதல் வண்டியில் ஏறியது. உறைநிலைக்குக் கீழ் 45 பாகை செல்சியசை எட்டிய குளிரில் 20 வண்டியோட்டிகளும் ஏறத்தாழ 150 நாய்களும் மாறி மாறி அதனைச் சுமந்தனர். வழிச்சாவடிகளின் அடுப்பருகே பொதி சூடேற்றப்பட்டது. சார்லி எவான்ஸ் என்னும் இளைஞரின் நாய்களுள் இரண்டு வழியில் வீழ்ந்தபோது அவரே முன்சென்று வண்டியை இழுத்தார். டோகோ என்னும் நாயை முன்னிறுத்திய செப்பாலா, உறைந்த நார்ட்டன் வளைகுடாவைக் கடந்து 91 மைல் கொண்டுசென்றார். இறுதியில் குன்னர் காசன், பால்டோ என்னும் நாய் வழிகாட்ட, பிப்ரவரி 2 விடியலில் நோம் வந்தடைந்தார். இருபத்தைந்து நாள் வழி ஐந்தரை நாளுக்குள் கடக்கப்பட்டது. மருந்து உறைந்திருந்தும் பயன் கெடவில்லை. பிப்ரவரி 21 இல் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

கணக்கில் வாராதவர்

புகழ் இறுதியில் வந்தவரையே சேர்ந்தது. அவ்வாண்டின் திசம்பரிலேயே நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பால்டோவுக்குச் சிலை எழுந்தது. நெடுந்தொலைவு ஓடிய டோகோ நெடுங்காலம் மறக்கப்பட்டது. நாய்களுக்கிடையிலான இவ்வேறுபாட்டை விடப் பெரிது மனிதருக்கிடையில் நேர்ந்தது. தடத்தின் நடுப்பகுதியில் பொதி சுமந்தோருள் பலர் அதபாஸ்கன் முதலிய தொல்குடியினர். அத்தடமே அவர்தம் முன்னோரின் வழி. ஆயினும் செய்தித்தாள்கள் அவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டியது குறைவே.

இறந்தோர் கணக்கும் அத்தகையதே. அரசுக் கணக்குகள் ஐந்து முதல் ஏழு என்கின்றன. ஆனால் ஊருக்கு வெளியேயிருந்த தொல்குடியினர் குடியிருப்புகளில் குறைந்தது நூறு பேரேனும் நோயுற்றிருப்பர் என்று வெல்ச் பின்னாளில் மதிப்பிட்டார். எழுதப்படாத சாவுகள் எத்தனையோ! ஊர் ஒன்றுபட்டது உண்மை. ஒன்றுபட்ட ஊரின் எல்லை எங்கே முடிந்தது என்பதும் உண்மை. ஒரு சமுதாயத்தின் கூட்டுணர்வை அளக்க, அது யாரைக் காப்பாற்றியது என்பதோடு யாரை எண்ணியது என்பதையும் கேட்டல் வேண்டும்.

நிறைவாக

1973 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயம் நோமில் முடிவடைகிறது. பந்தயத்தில் முந்தியவர் வெல்வர். 1925 இலோ முந்தியவர் என ஒருவரும் இல்லை. பின்வருபவரின் கையில் பொதியை ஒப்படைத்தவரே இருந்தனர். இருபதின்மருள் ஒருவர் தவறியிருப்பினும் மற்றையோர் உழைப்பு வீணாகியிருக்கும். அஞ்சல் சுமந்த கால்களும் அடுப்பு அணையாத சாவடிகளும் முன்னரே இருந்தமையால்தான் அச்சங்கிலி அறுபடவில்லை. வீரம் ஓரிரவில் தோன்றலாம். அதனைத் தாங்கும் வழக்கமோ பல குளிர்காலங்களின் விளைவு.