இழைமணி: ஒரு பெயரின் இரு பாதிகள்

உண்ட உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் வேலையில் பெரும்பகுதி நடைபெறுகின்ற செல்லின் உள்ளுறுப்புக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதை மைட்டோகாண்ட்ரியா என ஒலிபெயர்த்து எழுத, செல்லையே கலம் என்று கூறும் இலங்கைப் பாடநூல்கள் இழைமணி என மொழிபெயர்த்துக்கொண்டன. கிரேக்க இலக்கணப்படி மைட்டோகாண்ட்ரியன் ஒருமை, மைட்டோகாண்ட்ரியா பன்மை. தமிழிலோ அப்பன்மையே ஒருமையாக நிலைத்துவிட்டதால், பலவற்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதன்மேல் இன்னொரு விகுதி ஏறி மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆகிறது. பாக்டீரியாக்கள் வந்த வழியும் இதுவே. கடன் வாங்கிய சொல் தன் ஊர் இலக்கணத்தையும் உடன் சுமந்து வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆகவே இதைப் பிழையெனத் தள்ளுவதற்கில்லை.

சொல் பிறந்த ஆண்டு 1898. விந்தணு உருவாகும் படிநிலைகளைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஜெர்மானியர் கார்ல் பெண்டா, செல்லுக்குள் சிதறிக் கிடந்த நுண்மணிகள் சில இடங்களில் கோத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து இழையாக நீள்வதைக் கண்டார். விந்தணு முதிரும்போது இம்மணிகளே அதன் வாலின் தொடக்கப் பகுதியைச் சுற்றிச் சுருள்கம்பிபோல் முறுக்கிக்கொள்கின்றன. மணி என்றால் இழை விடுபடும், இழை என்றால் மணி விடுபடும் என்ற நிலையில், அவர் இரண்டில் ஒன்றையும் கைவிடாமல், பாவு நூலைக் குறிக்கும் மைட்டோஸ் என்ற கிரேக்கச் சொல்லையும், சிறு தானியமணியைக் குறிக்கும் கொண்ட்ரியோன் என்ற சொல்லையும் சேர்த்துப் பெயரிட்டார். அந்த மணிகள் என்ன வேலை செய்கின்றன என்பதைப் பற்றி அப்பெயர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தமிழாக்கியவர்கள் இவ்விரு பாதிகளையும் அப்படியே காத்தனர். நெல்மணி என்னும் வழக்கில் உள்ள மணிதான் கொண்ட்ரியோனுக்கு நேரானது. தறியோடு உறவுடைய இழை மைட்டோஸுக்கு நேரானது. இந்த இழை இலங்கை வழக்கில் தனித்து நிற்கவுமில்லை. திசுவுக்கு அங்கே இழையம் என்று பெயர். செல் இரண்டாகப் பிரியும் மைட்டாசிஸ் இழையுருப்பிரிவு. திசு என்பதன் பிரெஞ்சு மூலத்துக்கு நெய்யப்பட்டது என்றே பொருள். மைட்டாசிஸின் முதற்பகுதியும் அதே மைட்டோஸ்தான். மேலைநாட்டு உயிரியலின் சொற்களுக்குள் மறைந்து கிடந்த தறி, ஒலிபெயர்ப்பில் காணாமற்போய், மொழிபெயர்ப்பில் மட்டும் வெளியே தெரிகிறது. இன்னொரு நயமும் உண்டு: ஆயிழை, சேயிழை என்ற பழஞ்சொற்களில் இழை என்பது அணிகலன், மணி என்பதும் தானியம் மட்டுமன்று, ஒளிவிடும் கல்லும் ஆகும். பழைய இலக்கியம் பயின்றவரின் காதில் இழைமணி முதலில் நகையாகவே ஒலிக்கக்கூடும்.

இப்பெயருக்குப் போட்டிகள் இருந்தன. 1890-இல் ரிச்சர்ட் ஆல்ட்மன் இதே மணிகளைச் செல்லுக்குள் வாழும் அடிப்படை உயிர்களென்று கருதி, உயிர்முளை என்று பொருள்படும் பயோபிளாஸ்ட் என்ற பெயரைச் சூட்டியிருந்தார். கொள்கையைச் சுமந்த அப்பெயர், கொள்கை மதிப்பிழந்தபோது தானும் வழக்கொழிந்தது. பின்னாளில், 1967-இல் லின் மார்குலிஸ், இவ்வுறுப்பு ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியத்தின் வழிவந்தது என்று வாதிட்டார். அதற்குச் சொந்தமாக டி.என்.ஏ. இருப்பதும் அவருக்குத் துணைநின்றது. ஆல்ட்மனின் எண்ணத்தில் ஒரு பாதி இவ்வாறு திரும்பி வந்தது, பெயர் திரும்பவில்லை.

வேலை தெரியவந்தது மெதுவாகத்தான். 1913-இல் ஓட்டோ வார்பர்க், கினிப்பன்றியின் கல்லீரலைச் சிதைத்து எடுத்த சாற்றில் ஆக்சிஜனை உட்கொள்வது அதிலிருந்த நுண்மணிகளே என்று கண்டார். செல்லின் செலவுக்கு உதவும் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கும் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவும் தனித்தனியே கண்டறிந்தனர். 1948-49-இல்தான் யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிங்கரும், எலியின் கல்லீரலிலிருந்து பிரித்த இழைமணிகளில் உணவின் ஆக்சிஜனேற்றமும் ஏ.டி.பி. உருவாதலும் சேர்ந்து நடப்பதைக் காட்டினர்.

குளுக்கோஸின் பயணம் முழுவதும் இழைமணிக்குள் நடப்பதன்று. ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட அதன் மூலக்கூறு வெளியே, செல்லின் குழம்பிலேயே, மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டாகப் பிளக்கிறது. அதில் நிகரமாகக் கிடைப்பது 2 ஏ.டி.பி. மட்டுமே. பைருவேட் உள்ளே நுழைந்த பிறகு கார்பன் ஒவ்வொன்றாகக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற, பிரிந்த எலக்ட்ரான்கள் உட்சவ்வில் வரிசையாக அமைந்த புரதங்களின் வழியே கைமாறிச் சென்று, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்ந்து நீராகின்றன. மூக்கு இழுக்கும் ஆக்சிஜன் போய்ச்சேரும் இடம் இது. சுவாசம் என்ற சொல் நுரையீரலிலிருந்து செல்லுக்கு இறங்கி வந்த காரணமும் இதுவே.

1957-இல் பிலிப் சீக்கெவிட்ஸ் ஒரு கட்டுரைத் தலைப்பில் இழைமணியைச் செல்லின் மின்நிலையம் என்று பொருள்பட அழைத்தார். செல்லின் ஆற்றல் மையம் என்று தமிழ்ப் பாடநூல்களில் மனப்பாடமாகிவிட்ட தொடர் அந்த மரபைச் சேர்ந்தது. அவர் எதிர்பார்த்திருக்க முடியாத அளவுக்கு அந்த உவமை பொருந்திப்போனது: எலக்ட்ரான்கள் கைமாறும்போது உட்சவ்வுக்கு வெளியே தள்ளப்படும் புரோட்டான்கள் அணைநீர்போல் தேங்கி நின்று, மீண்டும் உள்ளே பாயும் விசையில் ஏ.டி.பி. உருவாகிறது என்று பீட்டர் மிட்செல் 1961-இல் கூறினார். பாயும் வழியில் உள்ள நொதி உண்மையிலேயே சுழல்கிறது. ஆயினும் வேலையால் வரும் பெயர் அந்த ஒரு வேலைக்குள்ளேயே பொருளைக் கட்டிவிடும். பச்சிளங்குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் புரோட்டான்கள் அந்த நொதியைத் தவிர்த்து வேறு வழியில் திரும்பி, ஏ.டி.பி.க்குப் பதிலாக வெப்பத்தைத் தருகின்றன. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் முடிவிலும் இழைமணிக்குப் பங்குண்டு. ஆற்றல் மையம் என்ற பெயரில் இவை அடங்குவதில்லை.

உருவத்தை மட்டும் சொன்ன பெயருக்கு இந்த நெருக்கடி நேரவில்லை. பாடநூல் படங்கள் இதை நெடுக வெட்டிய அவரைவிதைபோல், உள்ளே மடிப்புகளோடு, அசையாத ஒன்றாக வரைந்து பழக்கிவிட்டன. ஆனால் 1914-இலேயே மார்கரெட் லூயிஸும் வாரன் லூயிஸும் வளர்ப்பு ஊடகத்தில் உயிரோடிருந்த கோழிக்கருவின் செல்களில் இவை நீள்வதையும் கிளைப்பதையும் துண்டாவதையும் பார்த்தனர். மணிகள் ஒன்றோடொன்று இணைந்தால் இழை. இழை அறுந்தால் மணிகள். ஒரே செல்லில் இரண்டும் மாறிமாறி நடந்துகொண்டே இருக்கின்றன.