ஆற்றங்கரையில் 400 பேர்

ஆள் எத்தனை பேர்ங்கறதை விட, அவங்களை எங்க நிறுத்துறோம்ங்கறது எவ்வளவு பெரிய முடிவு? அதுக்கு ஒரு கதை.

1993. டெக்சாஸோட எல் பாசோ. ரியோ கிராண்டே ஆத்துக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவோட ஹுவாரெஸ். அங்கிருந்து தினமும் ஆத்தைத் தாண்டி வேலைக்கு வருவாங்க. எல்லைக் காவலர்கள் ஊருக்குள்ள துரத்திப் பிடிப்பாங்க. வந்தவர் யார், உள்ளூர்க்காரர் யார்? முகத்தைப் பார்த்துதான் முடிவு! எல்லையோரப் பள்ளி ஒண்ணுல அமெரிக்கக் குடியுரிமை உள்ள பசங்களையே நிறுத்தி விசாரிச்சதால கேஸ் ஆச்சு. கோர்ட் பசங்க பக்கம் நின்னுச்சு.

அந்த வருஷம் தலைமை அதிகாரியா வந்த சில்வெஸ்ட்ரே ரெயெஸும் மெக்சிகோ வம்சாவளிதான். செப்டம்பர்ல, 400 காவலர்களை 20 மைல் நீளத்துக்கு ஆத்தங்கரையிலேயே வரிசையா நிறுத்தினார். ஊருக்குள்ள துரத்தல் குறைஞ்சது. பிடிபடுறவங்க எண்ணிக்கை சர்ருன்னு விழுந்துச்சு.

வாஷிங்டனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. 1994-ல் சான் டியாகோவிலும் அதே வழி. ஊர்ப்பக்கம் அடைச்சா மிச்சம் மலையும் பாலைவனமும்தான், அது வழியா அதிகம் பேர் வரமாட்டாங்கன்னு கணக்கு.

வந்தாங்க. 1993-ல் நாடு முழுக்க சுமார் 4,000 காவலர்கள். 2000-ல் 9,000-க்கும் மேல். தென் எல்லையில பிடிபட்டதோ 12 லட்சத்துலேர்ந்து 16 லட்சம் ஆச்சு. (ஒரே ஆள் நாலு தடவை மாட்டினா நாலு கணக்கு, அதையும் சொல்லிடணும்.) எல் பாசோ டேஷ்போர்டுல மட்டும் நம்பர் அழகா இருந்துச்சு.

2006-ல் அமெரிக்க அரசோட தணிக்கை அமைப்பே கணக்குப் பார்த்துச்சு. 1995-லிருந்து 2005-க்குள் எல்லையைக் கடக்கும்போது இறந்தவங்க எண்ணிக்கை இரட்டிப்பு. கூடின சாவுகள்ல பெரும்பகுதி அரிசோனாவோட டூசான் பக்கம், வெயில்ல.