லக்சபான முதல் பாணந்துறை வரை: நம் வீட்டு வெளிச்சத்தின் கதை



2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்றார்கள். நாமும் சிரித்தோம், மீம் போட்டோம். மறுநாள் உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், ஒரு குரங்கு எப்படி முழு இலங்கையையும் இருட்டாக்கும்?"

பதில் தேடப் போனதில் நூறு வருடக் கதை ஒன்று கிடைத்தது. இன்று அதை உங்களோடு பகிர்கிறேன்.

இலங்கையில் முதல் மின்விளக்கு 1895இல் கொழும்புக் கோட்டையில் எரிந்தது. அப்போது மின்சாரம் பெரிய ஹோட்டல்களுக்கும் துரைமாருக்கும் மட்டும்தான். அதை முழு நாட்டுக்கும் உரிய பொருளாகக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1874இல் காலியில் பிறந்தவர். கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்து, பின்னர் இங்கிலாந்து போய் மின் பொறியியல் கற்றார். 1912இல் நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையம் கட்டினார். 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வைத்தார். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையிலிருந்து விழும் வேகத்தில் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம், அது நாட்டின் தொழிலுக்கு எப்படி உதவும் என்பதே அதன் பொருள். இன்று பல்கலைக்கழகத்தில் "மின்வலுத் தொகுதித் திட்டமிடல்" என்று படிப்பிப்பதை அவர் அன்றே செய்துவிட்டார்.

ஆனால் காலனித்துவ அரசு அவசரப்படவில்லை. 1920களில் தொடங்கிய லக்சபான வேலை இடையில் நின்றது. விமலசுரேந்திர 1931இல் அரசுப் பேரவைக்கே போய் அங்கும் இதைப் பேசினார். லக்சபான இயங்கியது 1950இல்தான், 25 மெகாவாற்றுடன். கட்டுரைக்கும் வெளிச்சத்துக்கும் இடையில் 32 வருடங்கள். அதைக் கண்ணால் கண்டு, மூன்று வருடம் கழித்து 1953இல் அவர் காலமானார்.

இதே கதை பிறகும் நடந்தது. 1969இல் மின்சார சபை உருவானது. 1980களில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று மகாவலி நீர்மின் நிலையங்கள் வந்தன. நாடு ஏறத்தாழ முழுதும் மழையை நம்பியே இருந்தது. 1996இல் மழை பொய்த்தது. மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு. என் வயதுக்காரர்கள் குப்பி லாம்பில் படித்ததை மறந்திருக்க மாட்டார்கள். நிலக்கரி மின்நிலையம் ஒன்று வேண்டுமென்று 1980களிலேயே திட்டம் இருந்தது. இடம் மாறி, எதிர்ப்பு வந்து, நுரைச்சோலையின் முதல் இயந்திரம் 2011இல்தான் ஓடியது. சூழல் பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் தீர்மானம் எடுக்காமல் இழுத்தடித்ததற்கும் ஒரு விலை உண்டு. அந்த வருடங்களில் அதிக விலைக்கு எண்ணெய் எரித்தோம்.

இனிக் குரங்குக்கு வருவோம்.

மின்சாரத்தைக் குடத்தில் நிரப்பி வைப்பதுபோல் பெரும் அளவில் சேமித்து வைக்க முடியாது. நாடு பாவிக்கும் அளவும் உற்பத்தி செய்யும் அளவும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும். சமம் குலைந்தால் 50 ஹேர்ட்ஸ் என்ற மீடிறன் குலையும். உம்மாவின் தையல் மெஷினில் காலை எடுத்த பிறகும் சில்லு கொஞ்ச நேரம் சுற்றுகிறதல்லவா? மின்நிலையங்களின் பெரிய சுழலிகளும் அப்படித்தான். அந்தச் சடத்துவம்தான் ஓர் அதிர்ச்சி வரும்போது தொகுதியைச் சில விநாடிகள் தாங்கும். சோலர் பெனலில் சுற்றும் சில்லு இல்லை. அன்று ஞாயிறு, பாவனை குறைவு. நல்ல வெயில், சோலர் அதிகம். சுற்றிய சுழலிகள் குறைவு. அதனால் ஓரிடத்துக் கோளாறைத் தாங்க முடியாமல் முழுத் தொகுதியும் விழுந்தது. குரங்கு ஒரு சாட்டு மட்டும்தான். சோலர் கூடாதென்று இதற்கு அர்த்தமில்லை. அதற்கேற்பக் கட்டமைப்பையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பதே அர்த்தம்.

அதைக் கணிப்பதுதான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மின்வலுத் தொகுதிப் பகுப்பாய்வு. எந்தக் கம்பியில் எவ்வளவு பாயும், ஓரிடத்தில் குறுஞ்சுற்று வந்தால் என்ன ஆகும், ஓர் இயந்திரம் திடீரென நின்றால் மற்றவை தாங்குமா, 20 வருடத்துக்குப் பின் எவ்வளவு தேவைப்படும் என்பவையெல்லாம் அதில் வரும். "இந்தத் தாயமும் சிக்கலெண்ணும் எதுக்கு சேர்?" என்று இணைந்த கணித வகுப்பில் கேட்கும் பிள்ளைகளுக்கு இதுதான் பதில். அங்கே அவை இல்லாமல் ஒரு கணக்கும் நகராது.

விமலசுரேந்திர மின் பொறியியல் கற்கக் கப்பல் ஏறினார். 1950இல்தான் இலங்கையில் பொறியியல் பீடம் வந்தது. அது 1964இல் பேராதனைக்குப் போனது. பிறகு மொறட்டுவை, காலி, கிளிநொச்சி, நம் ஒலுவில். இன்று பஸ்ஸில் போய்ப் படிக்கும் தூரத்தில் இருக்கிறது.

ஆனாலும் சாதாரண தர முடிவு வந்ததும் "டொக்டருக்குப் படிக்கட்டும்" என்பதுதான் நம் வீடுகளில் முதல் பேச்சு. கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளையையும் உயிரியல் பிரிவுக்குத் தள்ளி, மூன்று முறை எழுத வைத்து, கடைசியில் அந்தப் பிள்ளையின் மனதை உடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். மருத்துவம் உயர்ந்த பணிதான். சத்திரசிகிச்சைக் கூடத்தில் விளக்கு எரிய வைப்பதும் உயிர் காக்கும் பணிதான்.

இன்னொன்று. முழு நாடும் இருண்டால் நிலக்கரி நிலையத்தால் தானாக எழ முடியாது. அது எழும்பவும் வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அதனால் நீர்மின் நிலையங்களிலிருந்துதான் கட்டமைப்பை மீண்டும் உயிர்ப்பிக்கத் தொடங்குவார்கள். அந்த மனிதர் 1918இல் கணக்குப் போட்ட அதே மலைத் தண்ணீர்தான் இன்றும் நமக்குக் கைகொடுக்கிறது.

அடுத்த முறை கரண்ட் போனால் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவருக்காவது அல்லாஹ் இந்த அறிவை இலேசாக்கித் தரட்டும். ஆமீன்.