பொதுவில் இருப்பது யார் கணக்கில்?

கணினியில் ஒரே வேளையில் பல வேலைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் இடம் வேண்டும். எந்த வேலை எவ்வளவு இடம் எடுக்கிறது என்று கணக்கெடுத்த வரலாற்றை இன்று காண்போம்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். 1971இல் அவர்கள் பயன்படுத்திய கணினியின் நினைவகம் 24 கிலோபைட்டு மட்டுமே. அதில் 16 யூனிக்ஸுக்கே போய்விடும். மற்ற வேலைகளுக்கு மிஞ்சியது 8.

1973இல் 'பிஎஸ்' என்ற கட்டளை வந்தது. அந்த இரண்டு எழுத்தைத் தட்டினால் போதும். பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிடுவதுபோல, ஓடும் வேலைகளின் பட்டியல் வந்துவிடும். 1984இல் வில்லியம் லெஃபீவர் எழுதிய 'டாப்' அந்தப் பட்டியலை அடிக்கடி புதுப்பித்துக் காட்டியது. ஒவ்வொரு வேலையும் பிடித்திருக்கும் நினைவகமும் இத்தகைய பட்டியல்களில் இடம்பெற்றது.

ஆனால் கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. பல வேலைகள் ஒரே நிரல் பகுதியைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்துகின்றன. அது நினைவகத்தில் ஒருமுறைதான் இருக்கும். பட்டியலோ அதை ஒவ்வொரு வேலையின் பெயரிலும் முழுதாக எழுதியது.

நம் லயத்தையே எடுத்துக்கொள்வோம். 10 வீடுகள், பொதுத் தொட்டியில் 100 கேலன் தண்ணீர், வீட்டுக்கு வீடு சொந்தக் குடத்தில் 5 கேலன். ஒவ்வொரு வீட்டின் பெயரிலும் 105 என்று எழுதிக் கூட்டினால் 1,050 வரும். உண்மையில் இருப்பது 150தான். பொதுத் தண்ணீரைப் பத்தாகப் பங்கிட்டு, வீட்டுக்கு 10, சொந்தம் 5, ஆக 15 என்று எழுதினால் கணக்குச் சரியாகும்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில், இந்தப் பங்குக் கணக்கு 2008இல் சேர்ந்தது. அதற்கு உழைத்த மேட் மெக்கால், 2009இல் 'எஸ்மெம்' என்ற கருவியையும் வெளியிட்டார். அது ஒவ்வொரு வேலையின் சொந்த அளவையும் பங்கு அளவையும் தனித்தனியே காட்டியது.

இதனால் என்ன பயன்? பழைய கணக்கை மட்டும் நம்பினால், சிறிதளவே எடுக்கும் வேலையைப் பெருந்தீனிக்காரன் என்று நிறுத்திவிடுவோம்; தேவையின்றிப் புது நினைவகமும் வாங்குவோம். தொகை பெரிதாக இருப்பதால் மட்டும் ஒருவர்மேல் பழி சுமத்தலாகாது. பொது எது, சொந்தம் எது என்று முதலில் பிரித்துப் பார்ப்பதே நேர்மையான கணக்கு. அதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம்.