காசுமாலை கடல் கடந்த கதை

எங்கள் வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியொன்றில் தாத்தாவின் கணக்குப் புத்தகங்கள் சில கிடைத்தன. நெடுக்குவாட்டில் மடித்துத் தைத்த பழுப்புத் தாள்கள். வரலாற்று ஆவணம் என்று பெருமையடித்துக்கொள்ள அவற்றில் ஏதுமில்லை. வைக்கோல் விற்றது, வண்ணானுக்குக் கொடுத்தது, கோயில் உபயத்திற்கு எழுதியது என்று போகும் சில்லறைக் கணக்கு. ஆனால் பிரஜோற்பத்தி வருஷம் தை மாதத்துப் பக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. 'காசுமாலை ஒன்று, காசு 24, காசு ஒன்று 17½ ரூபாய் வீதம் வரவு 420'. அதற்கு நேரெதிரே பற்றுப் பகுதியில் கிஸ்தி, அதற்குக் கீழே வட்டி, அதற்குக் கீழே மறுபடியும் வட்டி.

பாட்டியின் கழுத்திலிருந்து இறங்கிய நகை 'வரவு' என்று எழுதப்பட்டிருந்தது. கணக்கு முறைப்படி அது சரிதான். தாத்தா தவறாக எழுதக்கூடியவர் அல்லர். ஆனால் அதே தை மாதத்தில், அதாவது 1932 ஜனவரியில், அவருக்கு முன்பின் அறிமுகமில்லாத சில பெரிய மனிதர்கள் லண்டனிலும் புதுதில்லியிலும் உட்கார்ந்து இதே போன்றதொரு கணக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அதை வரவு என்றுதான் எழுதினார்கள். அந்தக் கணக்கைப் பற்றித்தான் இங்கே சொல்லப் புகுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவனல்லன், தமிழ் படித்தவன். பிழையிருந்தால் அறிந்தவர்கள் திருத்தலாம்.

முதலில் காசுமாலையைப் பற்றி. அக்காலத்தில் வசதியுள்ள வீடுகளில் காசுமாலைக்குக் கோத்தவை பெரும்பாலும் இங்கிலாந்து நாணயசாலையில் அடித்த சவரன் காசுகளே. ஒருபுறம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபுறம் குதிரைமீதமர்ந்து பறவைநாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜ். அந்த நாணயத்தின் பெயர்களான சவரனும் பவுனும் தமிழில் தங்கத்தின் நிறைக்கே பெயர்களாகிவிட்டன. இன்றும் 8 கிராம் என்று சொல்ல வாய் வராமல் ஒரு பவுன் என்கிறோம்.

மேலைநாட்டுத் தங்கம் நம் பக்கம் வந்து தங்குவது பழைய பழக்கம். யவனர் கலங்கள் முசிறியில் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு சொல்கிறது. இந்தியச் சரக்குக்காக ரோம் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசை இழக்கிறது என்று பிளினி அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பு அப்படியே கைமாறிக் கைமாறி ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது. இந்தியர் தங்கத்தைப் புதைத்து வைக்கிறார்கள், உழைக்க வேண்டிய பணத்தை உறங்க வைக்கிறார்கள் என்பது அவர்களுடைய நிரந்தரப் புகார். 1913இல் இந்திய நாணயத்தைப் பற்றி நூல் எழுதிய கெயின்ஸும் இந்தப் பொன்னாசை நாட்டின் வளர்ச்சியைக் கெடுக்கிறது என்றே கருதினார். கெயின்ஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. நகைக்கடை வாசலில் நின்ற அனுபவமும் அவருக்கு இருந்திருக்காது.

1929இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதற்குச் சற்று முன்பிருந்தே வேளாண் பொருள்களின் விலை உலகெங்கும் தளர்ந்துகொண்டிருந்தது. சரிவுக்குப் பின் அது கிணற்றில் விழுந்த கல்லாயிற்று. 1914ஆம் ஆண்டை 100 என்று கொண்ட கல்கத்தா மொத்த விலைக் குறியீடு 1929இல் 141 ஆக இருந்து, 1933இல் 87க்கு வந்தது. நெல்லும் நிலக்கடலையும் பருத்தியும் விளைவித்தவர்களுக்கு இதைவிட மோசம். ஒரு விசித்திரம் என்னவென்றால், விளைச்சல் குறையவில்லை. பஞ்சம் என்றால் நம்மவர்க்குத் தெரியும்; மழை பொய்த்தது, நெல் இல்லை. இப்போதோ களஞ்சியத்தில் நெல் இருக்கிறது, கையில் காசு இல்லை. நெல் விலை பாதியானால் கிஸ்தி பாதியாக வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடன் பத்திரத்தில் எழுதிய எண்ணும் குறையவில்லை. ஐந்து மூட்டைக்கு வாங்கிய கடன் பத்து மூட்டைக் கடனாக வளர்ந்தது, யாரும் ஒரு எழுத்தும் திருத்தாமலேயே.

இதோடு நமக்கென்றே தனியாக ஒரு சங்கடமும் இருந்தது. ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று 1927ஆம் ஆண்டுச் சட்டம் நிர்ணயித்திருந்தது. அதற்கு முன் நெடுங்காலம் இருந்த விகிதம் 1 ஷில்லிங் 4 பென்ஸ். இரண்டு பென்ஸ் வித்தியாசத்திற்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம். லண்டனில் ஒரு பவுனுக்கு விற்ற சரக்குக்குப் பழைய விகிதத்தில் 15 ரூபாய் கிடைக்கும். புதிய விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பை. விவசாயிக்கு இழப்பு. ஆனால் இந்திய அரசு, ஓய்வூதியம், கடன் வட்டி, இராணுவச் செலவு என்ற வகையில் ஆண்டுதோறும் 3 கோடிப் பவுன் அளவில் லண்டனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பவுன்களை வாங்க அரசுக்குக் குறைந்த ரூபாய் போதும். யாருக்கு ரூபாய் வலுவாக இருக்க வேண்டும், யாருக்கு மெலிவாக இருக்க வேண்டும் என்பதில்தான் வழக்கு. புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் முதலிய பம்பாய் வணிகர்கள் ஓயாமல் எதிர்த்தார்கள். 1930 ஜனவரியில் காந்தியடிகள் வெளியிட்ட பதினோரு கோரிக்கைகளில் உப்பு வரி இருந்தது, மதுவிலக்கு இருந்தது, நிலவரியைப் பாதியாக்குவது இருந்தது. ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸுக்குக் கொண்டுவருவதும் இருந்தது. உப்பை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டு பென்ஸை மறந்துவிட்டோம். அதற்காகக் கடற்கரைக்கு நடக்க முடியாதல்லவா?

இப்படியே 1931 செப்டம்பர் 21ஆம் தேதி வந்தது. அன்று இங்கிலாந்து தங்க அடிப்படையைக் கைவிட்டது. பவுன் நோட்டுக்குத் தங்கம் தரமாட்டோம் என்று பொருள். அன்று முதல் ஆங்கிலேயருடைய பவுன் காகிதமாயிற்று. தமிழனுடைய பவுன் மட்டும் தங்கமாகவே நின்றது.

அதே நாளில் சிம்லாவில் நடந்தது நல்ல நாடகம். ரூபாய்க்குத் தங்கமோ ஸ்டெர்லிங்கோ தரும் பொறுப்பை நிறுத்தி வைப்பதாக இந்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. லண்டனிலோ இந்தியா மந்திரி சாமுவேல் ஹோர், ரூபாய் ஸ்டெர்லிங்குடன் பழைய 18 பென்ஸிலேயே கட்டுண்டிருக்கும் என்று அறிவித்தார். வண்டியை ஒருவர் நிறுத்த, இன்னொருவர் மாட்டை அதட்டினார். மூன்று நாட்கள் வங்கிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அதன் பின் வந்த இரண்டாவது அவசரச் சட்டம் முதலாவதை ரத்து செய்தது. வைசிராய் வில்லிங்டனும் அவருடைய நிர்வாக சபையும் பதவி விலகுவதாக மிரட்டும் அளவுக்கு லண்டனோடு பிணக்கு இருந்தது. யாரும் விலகவில்லை. வில்லிங்டன் முன்பு சென்னை மாகாணக் கவர்னராக இருந்தவர். கிஸ்தி எப்படி வசூலாகிறது என்பதை அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. காந்தியடிகள் அப்போது வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டனில் இருந்தார். அந்த வார இறுதியில் லங்காஷயருக்குப் போய், வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் தங்கள் பிழைப்புக் கெட்டது என்று கருதியவர்கள் அவர்கள். இருந்தும் அவரை அன்போடு வரவேற்றார்கள். அந்த வாரத்தில் கௌரவமாக நடந்துகொண்டவர்கள் அவர்கள்தாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டெர்லிங் சரிந்தது, அதனோடு கட்டுண்ட ரூபாயும் சரிந்தது. ஆகவே ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை எகிறியது. தோலாவுக்கு 21 ரூபாய் 3 அணா 10 பை என்று சட்டம் வைத்திருந்த விலை, ஆண்டு முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. நெல் விலை பாதாளத்தில், தங்கம் விலை ஆகாயத்தில், கிஸ்தி தவணை வாசலில். கிராமம் என்ன செய்யும்? காசுமாலை இறங்கிற்று. ஒட்டியாணம் இறங்கிற்று. வங்கி, அட்டிகை, குழந்தையின் அரைஞாண் என்று ஒவ்வொன்றாகத் தட்டான் தராசுக்குப் போயின. அங்கிருந்து நகரத்து வியாபாரி, அங்கிருந்து பம்பாய், உருக்கிய கட்டியாகக் கப்பல். 1931-32இல் மட்டும் ஏறத்தாழ 58 கோடி ரூபாய்த் தங்கம் ஏற்றுமதியானது. 1939க்குள் மொத்தம் 300 கோடிக்கும் மேல். விக்டோரியா மகாராணி இரண்டு தலைமுறை நம் பாட்டிமார் கழுத்தில் குடியிருந்துவிட்டுத் தாயகம் திரும்பினார்.

லண்டனில் நிதி மந்திரியாக இருந்தவர் நெவில் சேம்பர்லின். இந்தியாவில் திடீரென்று கண்டெடுத்த இந்தத் தங்கச் சுரங்கம் தங்களைச் செழிப்பில் உட்காரவைத்துவிட்டது என்ற கருத்தில் அவர் அப்போது எழுதியிருக்கிறார். மிகையில்லை. நெருக்கடியில் பாரிஸிலும் நியூயார்க்கிலும் வாங்கிய கடனை இங்கிலாந்து விரைவிலேயே திருப்பிக் கட்டியது. 6 சதவீதமாக இருந்த வங்கி வட்டி 1932 ஜூனில் 2 சதவீதமாகியது. வட்டி இறங்கவே, 5 சதவீதப் போர்க் கடன் பத்திரங்களை 3½ சதவீதத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் நம் தங்கமே காரணம் என்று நான் சொல்லவில்லை. அதன் பங்கு பெரிது என்பதில் சந்தேகமில்லை. நம் ஊரில் வட்டி குறைந்ததற்குத் தாத்தாவின் புத்தகத்தில் சான்று இல்லை.

இந்திய வணிகர் சங்கங்களும் காங்கிரஸாரும் தங்க ஏற்றுமதியைத் தடுக்கவேண்டும், குறைந்தபட்சம் வரி விதிக்கவேண்டும் என்று கேட்டார்கள். அரசு மறுத்தது. மறுப்புக்குச் சொன்ன காரணம் அழகானது: மக்கள் நல்ல விலைக்கு விற்று இலாபம் பார்க்கிறார்கள், அதை ஏன் தடுக்க வேண்டும்? இதில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 15 ரூபாய்க்கோ அதற்குக் கீழேயோ வாங்கிய காசு 17½க்குப் போனால் அது இலாபந்தான். விலையேறியதைக் கண்டு பதுக்கியதை விற்றுப் பணம் பண்ணிய பெரிய புள்ளிகளும் இருந்தார்கள். ஆனால் அந்த 420 ரூபாயில் பாட்டியின் கையில் ஒரு ரூபாய் தங்கியதாகக் கணக்கில் இல்லை. காலங்காலமாகப் 'புதைத்து வைக்கிறார்கள்' என்று பழிக்கப்பட்டவர்கள் அதை வெளியே எடுத்தவுடன் 'இலாபம் பார்க்கிறார்கள்' என்று பேர் வாங்கினார்கள். அமெரிக்காவில் 1933இல் ரூஸ்வெல்ட், குடிமக்கள் தங்கத்தை அவுன்ஸுக்கு 20 டாலர் 67 செண்டுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டு வாங்கினார். வாங்கி முடித்து, 1934 ஜனவரியில் விலையை 35 டாலராக்கினார். அங்கே ஆணை வேண்டியிருந்தது. இங்கே கிஸ்தி தவணையே போதுமானதாக இருந்தது.

கடன் கொடுத்தவர்கள் மட்டும் வாழ்ந்தார்களா என்றால், அதுவும் வேடிக்கைதான். பர்மாவின் நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் 1930இல் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். கேட்பவர்களுக்குக் கொள்ளை இலாபமாகத் தோன்றும். வட்டிக்கடைக்காரருக்கு வேண்டியது பணம். கிடைத்ததோ விலைபோகாத வயலும் பர்மியரின் பகையும். 1942இல் ஜப்பானியர் வந்தபோது அந்த வயலை யாரும் மூட்டை கட்டிக்கொண்டு வரமுடியவில்லை.

சென்னையில் அப்போது நீதிக்கட்சி ஆட்சி. மந்திரி ஒருவருக்கு மாதச் சம்பளம் 4,333 ரூபாய் 5 அணா 4 பை. சவரன் விலையின் வாலில் தொங்கிய அதே 5 அணா 4 பை. ஆண்டுக்கு 52,000 என்பதைப் பன்னிரண்டால் வகுத்ததால் வந்த மிச்சம். நாடே மந்தத்தில் நைந்தபோதும் இதைக் குறைக்கச் சம்மதிக்கவில்லை என்பது காங்கிரஸின் குற்றச்சாட்டு. 1937 தேர்தலில் இது நன்றாக விலைபோயிற்று. ராஜாஜி மந்திரிசபை 500 ரூபாய்ச் சம்பளத்தோடு பதவியேற்றது. வீட்டு வாடகைக்கும் மோட்டாருக்கும் படி தனி. சிரிக்கத் தோன்றினாலும், அடுத்த ஆண்டு அவர்கள் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு நிலுவை வட்டி அற்றது. அசலுக்கு இரண்டு பங்கு கட்டி முடித்தவனுக்குக் கடனே அற்றது. தாத்தாவின் புத்தகத்தில் வட்டிப் பத்தி அந்த வருஷத்தோடு மெலிகிறது. ஆனால் சட்டம் வந்தபோது காசுமாலை போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அந்த 18 பென்ஸ் என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். 1935இல் ரிசர்வ் வங்கி பிறந்தபோது அதைக் காப்பது வங்கியின் கடமையாயிற்று. 1947க்குப் பிறகு, அதை எதிர்த்தவர்களே ஆட்சிக்கு வந்தார்கள். பவுனுக்குப் பதின்மூன்றேகால் ரூபாய்ச் சொச்சம் என்ற அதே விகிதம் 1966 ஜூன் வரை நீடித்தது. 1963இல் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார். பொன்னாசையைப் பற்றிய பழைய வசையே இப்போது கதராடை உடுத்தி வந்தது. பிழைப்பிழந்தவர்கள் பொற்கொல்லர்கள். 1991இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது அரசாங்கமே சுமார் 47 டன் தங்கத்தைப் பாங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் பாங்க் ஆஃப் ஜப்பானிடமும் அடகு வைத்தது. நான் அப்போது சிறுவன். பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு அப்பா வீட்டில் உரக்கச் சொன்னார். பாட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மீட்டுடுவாளாமா?"

மீட்டுவிடுவார்களாம் என்றார் அப்பா. மீட்கவும் மீட்டார்கள். பாட்டி, வெறும் மஞ்சள் கயிறு தொங்கிய தன் கழுத்தை ஒருமுறை தடவிவிட்டு, வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.