ஓர் அங்குலத்துள் ஒரு மைல்

நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் புகையிரதம் வட்டவளையின் ஓயாத மழையையும் அதன்பின் வரும் வளைவுகளையும் கடந்து, அட்டனை எட்டுமுன் கடைசியாக நின்று போகும் நிலையம் றொசல்ல. வழிப்பிரயாணிக்கு அது ஒரு பெயர்ப்பலகை, மேட்டிலும் பள்ளத்திலும் தேயிலை, தூரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின் தகரக்கூரை, அவ்வளவே. அந்தப் பச்சைப் பரப்புக்குள்ளே எத்தனை தோட்டங்கள் அடங்கியிருக்கின்றன, அவற்றுள் எவை பெயர் மாறின, எவை பெரிய தோட்டங்களுக்குள் கரைந்து வெறும் டிவிஷன்களாயின, எந்த லயத்தார் எந்த மலையைத் தாண்டிப் பெண் கொடுத்தார்கள் என்னும் விஷயங்களை யன்னலோரத்திலிருந்து அறிய இயலாது. அவற்றை அறிய விரும்புகிறவன் நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட பழைய ஓரங்குலத் தேசப்படத்தை மேசைமேல் விரித்து, ஒரு பூதக்கண்ணாடியும் கையுமாக நாலைந்து மாலைப்பொழுதுகளைச் செலவிடச் சித்தமாயிருக்க வேண்டும்.

அத்திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆந் திகதி, தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் காலத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. ஆனால் அப்போது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு வந்திருக்கவில்லை. மலைநாடு அளவைக்காரனின் கண்ணுக்குப் புறம்பாகவே கிடந்தது. கண்டி அவர்கள் கைக்கு வந்த 1815க்குப் பின்னரும் சிவனொளிபாதமலையைச் சுற்றிய காடு முழுவதையும் அவர்கள் ‘மலையின் வனாந்தரம்’ என்று ஒரே சொல்லில் குறித்து, மற்றையதை வெறுமையாக விட்டுவிட்டார்கள். பாதைகளை அமைத்தவனாகப் பெயர்பெற்ற தோமஸ் ஸ்கின்னர் படவேலைக்கும் உழைத்தவன். அவனுடைய காலத்து அளவைகளும் சேர்ந்து, ஜெனரல் ஜோன் பிரேசரின் பெயரோடு 1862இல் லண்டனில் அச்சாகி வந்த இலங்கைப் படத்திலேதான் மலைநாடு ஓரளவு உருவங்கொண்டது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் விகிதத்தில் தீவு முழுவதையும் அளந்து வரையும் பெருங்காரியம் 1897இல் தொடங்கி 1924இல் நிறைவெய்தியது. எழுபத்திரண்டு தாள்கள். இருபத்தேழு வருஷ உழைப்பு. அட்டைகளும் மழையும் மலிந்த பள்ளத்தாக்குகளில் சங்கிலியைத் தூக்கிச் சென்ற ஏவலாளர்களின் பெயர்கள் அத்தாள்களின் ஓரங்களில் எங்கும் அச்சிடப்படவில்லை.

சங்கிலி என்று சொன்னேன். அறுபத்தாறு அடி நீளமும் நூறு கண்ணிகளும் கொண்ட அந்த இரும்புச் சங்கிலிதான் மலைநாட்டின் சரித்திரத்தில் கோடரிக்கும் முன்னே காட்டுக்குள் நுழைந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியவையாகக் கொள்ள வழிசெய்தது. அளந்து, எல்லை குறித்து, இலக்கமிட்டு, தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து ஷில்லிங் வீதம் விற்றார்கள். வாங்கியோர் கோப்பி நட்டார்கள். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியைத் தின்று தீர்த்தபின் அதே எல்லைகளுக்குள், அதே பெயர்களோடு, தேயிலை வந்தது. 1875இல் ஆயிரம் ஏக்கர் அளவிலிருந்த தேயிலை அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. ஆகையால் ஓரங்குலத் தாளில் நாம் காணும் தோட்ட எல்லைகளிற் பல, உண்மையில் கோப்பிக் காலத்து விற்பனைப் பத்திரங்களின் நிழல்களேயாம்.

தாளிலே பெயர்கள் எவ்வாறு படிந்திருக்கின்றன என்பதைக் கவனிப்பது தனிச் சுவை. ஆறுகளும் குன்றுகளும் கிராமங்களும் சிங்களப் பெயர் தாங்கி நிற்கும். அம்பகமுவையில் முதலாம் விஜயபாகு மன்னன், சிவனொளிபாத யாத்திரிகருக்கு அளித்த தானங்களைப் பாறையில் வெட்டுவித்த பதினோராம் நூற்றாண்டுக் காலத்திலிருந்தே அவ்விடங்கள் மனித சஞ்சாரம் உள்ளவை என்பதை ஆங்கிலத் துரைமார் எழுதிய ‘வெறுங்காட்டுக்’ கதைகளைப் படிக்கும்போது மறந்துவிடலாகாது. அந்தச் சிங்களப் பெயர்களின்மேல் ஸ்கொத்லாந்து வந்து கவிழ்ந்திருக்கிறது. அக்கரப்பத்தனைப் பக்கம் கிளாஸ்கோ, பெல்மோரல், வேவர்லி, நானுஓயாவில் எடின்பரோ, பூண்டுலோயாவில் டன்சினேன். அட்டன் என்ற பெயருங்கூட அபெர்டீன்ஷயரிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர்தான். ஊரை நினைத்து ஏங்கிய துரைமார் தங்கள் ஏக்கத்தை அரசாங்கப் படத்திலேயே எழுதிவிட்டுப் போனார்கள்.

தமிழோ? அம்மலைகளிற் கொழுந்தெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பேசிய பாஷை, ஓரங்குலத் தாளில் ஏறக்குறைய இல்லை. ஆனால் அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தலவாக்கெலே என்று சிங்களவர் சொன்னதைத் தலவாக்கொல்லை ஆக்கி ஒரு கொல்லையைக் கொண்டுவந்து வைத்தார்கள். கம்பொல கம்பளையாயிற்று, கினிகத்ஹேன கினிகத்தேனையாயிற்று, ஹட்டன் அட்டனாகி, ஹகரத்தின் மூச்சை இழந்தது. ‘றொசல்ல’ என்று றகரமிட்டு எழுதும் வழக்கத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ரொசல்லை என்று எழுதுவோரும் உண்டு, அவர்களோடு எனக்கு வழக்கில்லை. இவையன்றி, ஒவ்வொரு தோட்டத்துக்கும் தொழிலாளர் வழங்கிய தனிப்பெயர் ஒன்று இருந்தது. ஆள் கூட்டிவந்த முதற் கங்காணியின் பெயராலும், துரையின் ஏதோ ஓர் அங்க அடையாளத்தாலும், ஒரு மரத்தாலும், ஒரு பாறையாலும் அவை எழுந்தன. பெர்குசன் குடும்பத்தார் கொழும்பில் வருஷந்தோறும் வெளியிட்ட கைந்நூலில், தோட்டத்தின் ஏக்கர், உடையவர், துரை ஆகிய விவரங்களோடு இத்தகைய பெயர்களுக்கும் இடங்கொடுத்தார்கள் என்பது அவர்களுடைய வியாபார புத்திக்குச் சான்று. கடிதமும் ஆளும் போய்ச் சேர வேண்டுமல்லவா?

றொசல்லைக்கு அண்மையிலுள்ள ஒரு லயத்தில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். அவருடைய பிறப்புப் பதிவில் கண்ட தோட்டப் பெயர் அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாத பெயர். பேரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக அலைகிறான். நான் கொண்டுபோயிருந்த பழைய தாளின் பிரதியைத் திண்ணையில் விரித்தேன். அவருக்கு எழுத்து வாசிக்க வராது. மண்ணிறத்திற் சுழன்று கிடக்கும் உயரக்கோடுகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, அத மொதல்ல சொல்லுங்க” என்றார்.

அதைவிடச் சரியான கேள்வியை எந்தச் சர்வேயரும் கேட்டிருக்க முடியாது. அட்டனை அடுத்த மேட்டுநிலம் ஒரு நீர்ப்பிரிமுகடு. இப்பால் விழும் துளி மகாவலியிற் சேர்ந்து, தீவைச் சுற்றிக்கொண்டு திருகோணமலைக் கடலுக்குப் போகும். அப்பால் விழுவது கெகல்கமு ஓயாவில் இறங்கிக் களனி வழியே கொழும்புக் கடலைக் காணும். நீலக்கோட்டின் மேல் விரலை வைத்து ஓட்டத்தின் திசையைக் காட்டினேன். “எங்க லயத்துக்குப் பின்னால ஓடுனது இந்தப் பக்கம் போகாது, இஸ்டோரு மேல இருக்கும், ஆறு கீழ, ரெண்டுக்கும் நடுவுல கோயிலு” என்று அவர் சொல்லச் சொல்ல (இஸ்டோரு என்றது தேயிலைத் தொழிற்சாலையை), முகட்டுக்கு அப்பாலுள்ள சரிவில் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனேன். நாலாவது பெயர், பதிவிலுள்ள பெயர். பிற்காலப் படத்தில் அது தனித் தோட்டமன்று. பக்கத்துப் பெரிய தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. பெயர் போயிருந்தது, ஓடை போகவில்லை.

இவ்வாறு தேடும்போது புலப்படும் வேறொரு விஷயமும் உண்டு. மோட்டார் ரோட்டின்படி பார்த்தால் பன்னிரண்டு பதினைந்து மைல் விலகியிருக்கும் இரண்டு தோட்டங்களுக்கிடையே மூன்று தலைமுறையாகக் கொண்டான் கொடுத்தான் இருக்கும். அதே சமயம் ரோட்டோரமாய் அடுத்தடுத்திருக்கும் இரு தோட்டங்களுக்குள் ஒரு சம்பந்தமும் இராது. வம்சாவளி எழுதப் புகுந்தவன் இதைக் கண்டு மலைப்பான். படத்தைப் பார்த்தாலோ, புள்ளிக்கோடாக ஓர் ஒற்றையடிப் பாதை முகட்டின் மேலாகச் சென்று, தூரத்துத் தோட்டத்தின் மேற்பிரிவில் ஒரு மைலுக்குள் இறங்குவதைக் காணலாம். தீபாவளிக்கும் சடங்குக்கும் இழவுக்கும் மக்கள் நடந்தது அந்தப் பாதையிலே. சாதியும் கங்காணியின் கூட்டமும் கல்யாணங்களை நிர்ணயித்தன என்பது மெய்யே. ஆனாலும் கால் போன வழியையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளாதவர் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார் என்பது என் அபிப்பிராயம்.

வம்சாவளியின் மற்றப் பாதி கடலுக்கு அக்கரையிற் கிடக்கிறது. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமை ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களே பெரும்பாலோர். முன்னாளில் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தார்கள். நடந்து முடியாதவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். 1904இல் திருச்சியைத் தலைமையாகக் கொண்டு இலங்கைத் தொழில் ஆணைக்குழு இயங்கத் தொடங்கியது. அக்காலத்தில் வந்தவனுக்கு, போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் துளைத்த தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அதைக் கழுத்திற் கட்டிக்கொண்டு, ஊர் பேர் தெரியாத மலைக்கு அவன் பொதியைப்போல அனுப்பப்பட்டான். பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்ட பின் தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து கப்பலும் வாய்த்தன. இவர்கள் விட்டுவந்த கிராமங்களைத் தேடுவதற்கும் படமே துணை. கொழும்பில் திணைக்களம் அமைந்த இரண்டாம் வருஷம், அதாவது 1802இல், சென்னைப் பரங்கிமலையருகே அளவையாளர் லாம்டன் தமது அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து விரிந்த இந்திய அளவையின் ஓரங்குலத் தாள்களில் துறையூர், முசிறி, நாமக்கல் பக்கத்துச் சிற்றூர்களும் ஏரிகளும் பதிந்திருக்கின்றன. பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்தில் உருக்குலைந்து கிடக்கும் ஊர்ப்பெயரை வாய்விட்டு நாலு விதமாகச் சொல்லிப் பார்த்து, தாலுகாத் தாளில் அதற்கு ஏற்ற ஒலியைத் தேடுவதே உபாயம். வேறு குறுக்குவழி கிடையாது.

இத்தேடலை அவசியமாக்கியது சரித்திரம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. கேட்கப்பட்டவர்களிடம் செக்ரோல் என்னும் தோட்டப் பேரேட்டில் ஒரு பெயரைத் தவிர வேறு காகிதம் இல்லை. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்று எண்ணி வைத்தது. அவ்வாறு சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் வேறொரு தேயிலையின் நடுவே இருந்துகொண்டு, பாட்டி சொன்ன தோட்டம் எது என்று விசாரிக்கிறார்கள்.

சில தோட்டங்களையும் ஊர்களையும் படத்திலன்றி நிலத்திற் காண வழியில்லை. பழைய தாளில் மஸ்கெலியாவைப் பாருங்கள்: கடைவீதி, ரோட்டுச் சந்தி, ஆறு. மவுசாக்கலை அணை 1960களின் பிற்பகுதியில் கட்டி முடிந்தபோது அத்தனையும் நீருக்குள் இறங்கின. ஊர் மேட்டில் புதிதாக எழுந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும் வருஷங்களில் பழைய கோயிலும் மற்றை வழிபாட்டுத் தலங்களும் சேற்றுக்குமேல் தலைகாட்டும். மக்கள் போய்க் கும்பிட்டு வருவார்கள். அதற்குச் சற்று முன்னர், 1965இல், காசல்ரீ நீர்த்தேக்கமும் இவ்வாறே ஒரு பள்ளத்தாக்கை மூடிற்று. ஆறு என்று மெல்லிய நீலக்கோடாகத் தாளிலுள்ளது, இன்று அகன்ற ஏரி.

படத்தை அளவுக்கு மீறிப் புகழ்வதும் பிசகு. அது துரையின் பங்களாவைக் காட்டும் அக்கறையோடு லயத்தைக் காட்டுவதில்லை. மலைக்கு மலை இட்ட இலக்கங்களை அறியத் தோட்டக் காரியாலயத்துச் சுவரில் தொங்கும் பிளானையே நாட வேண்டும். ஏழாம் நம்பர் மலையில் பிறந்தேன் என்று சொல்லும் ஒருவருக்கு ஓரங்குலத் தாள் ஒன்றும் சொல்லாது. காலையில் ஆள் கணக்கெடுத்த பிரட்டுக்களம் எங்கிருந்தது, குழந்தைகளை விட்டுச்சென்ற பிள்ளைக்காம்பிரா எது, காமன்கூத்து ஆடிய திடல் எது, பெரியவர்களைப் புதைத்த மேடு எது என்பவற்றில் ஒன்றும் அதில் இல்லை. அவை இருப்பது எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்களின் நினைவில் மாத்திரமே.

ஆதலின் இக்கட்டுரையைப் படிப்பவர்களுள் மலையகத்திற் பிறந்தவர் எவரேனும் இருப்பின் அவருக்கு ஒரு வேண்டுகோள். நாரஹேன்பிட்டியிலுள்ள நில அளவைத் தலைமைக் காரியாலயத்திலோ, சுவடிக்கூடத்திலோ, பெரிய நூலகங்களிலோ உங்கள் பகுதிக்குரிய பழைய தாளைத் தேடி ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள மூத்தவரின் முன் விரியுங்கள். ஆறு ஓடும் திசையை முதலிற் சொல்லுங்கள். பின்பு அவர் சொல்லும் ஒவ்வொரு பெயரையும், துரைமார் இட்ட பெயரின் பக்கத்தில், தமிழிலே எழுதுங்கள். மையால் எழுத வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். அடுத்த லயத்துக் கிழவர் வந்து, அது அப்படியல்ல என்று திருத்துவார்.